பள்ளிக் கட்டட நிதி: நன்கொடை நோட்டைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்

கேள்வி இதுதான்: சிறுநகரம் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் தனியார் பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. சொந்த இடம் இருக்கிறது, பழைய ஓட்டுக் கட்டடம் போதவில்லை. எட்டு வகுப்பறைகளோடு இரண்டு தளக் கட்டடம் எழுப்ப வேண்டும், கையில் பெரிய தொகை இல்லை. நன்கொடை திரட்டுவதை எங்கிருந்து தொடங்குவது?

எஸ்டிமேட்டிலிருந்து தொடங்குங்கள். நோட்டீஸ், பேனர், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் கடைசியில்தான். "புதிய கட்டடம் கட்டுகிறோம், தாராளமாக உதவுங்கள்" என்று போனால் கேட்பவருக்கு எவ்வளவு தருவது என்றே தெரியாது. எதற்கு, எவ்வளவு, எப்போது முடியும் என்ற மூன்றும் காகிதத்தில் இருந்தால்தான் அவருக்குக் கணக்குப் போட முடியும்.

கணக்கை இங்கேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு வகுப்பறை 20க்கு 25 அடி, அதாவது 500 சதுர அடி. எட்டு அறைக்கு 4,000. வராண்டா, இரண்டு படிக்கட்டு, கழிப்பறை, சுவர்க் கனம் எல்லாம் சேர்த்து இன்னும் 40 சதவீதம், ஆக 5,600 சதுர அடி. சதுர அடிக்கு ஜிஎஸ்டி உட்பட 2,400 ரூபாய் என்று வைத்தால் (உங்கள் ஊர் விலையை இன்ஜினீயரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்) 1,34,40,000. இரண்டு பேர் உட்காரும் பெஞ்ச்-டெஸ்க் 160, ஒன்று 6,000 வீதம் 9,60,000. மண் பரிசோதனை, வரைபடம், அனுமதிக் கட்டணங்களுக்கு 4 லட்சம். தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், தீயணைப்புச் சாதனங்கள், வெளி மின் இணைப்புக்கு 8 லட்சம். எதிர்பாராத செலவுக்குக் கட்டடத் தொகையில் பத்து சதவீதம், 13,44,000. கூட்டினால் 1,69,44,000. உங்கள் இலக்கு 1 கோடியே 70 லட்சம்.

எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொல்லி குழுவில் யாராவது கேட்பார்கள். டைல்ஸைக் குறையுங்கள், வெளிப்பூச்சு நிறத்தைக் குறையுங்கள். இரண்டாவது படிக்கட்டிலும் வராண்டா அகலத்திலும் மட்டும் கை வைக்காதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை பற்றி 94 குழந்தைகள் கருகினார்கள். ஒடுங்கிய வழியில் அவர்களால் இறங்க முடியவில்லை. நன்கொடையாளரிடம் இதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அவர் தரும் பணம் எங்கே போகிறது என்பதற்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது.

அடுத்து பத்திரங்கள். விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி "இடம் யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். பள்ளி நிறுவனரின் சொந்தப் பெயரில் இடம் இருந்தால், அதை அறக்கட்டளைக்குப் பதிவு செய்து மாற்றாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஊர்ப் பணத்தில் எழும்பும் கட்டடம் நாளை பாகப்பிரிவினைக்குள் போய்விடும். பட்டா, வில்லங்கச் சான்று, டிரஸ்ட் பத்திரம், கட்டடம் கட்டுவதற்கான தீர்மானத்தின் நகல், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வரைபட அனுமதி ஆகியவற்றை ஒரே ஃபைலில் போட்டு, போகிற இடமெல்லாம் கொண்டுபோங்கள். பெரும்பாலோர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மேஜைமேல் அது இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு.

இனி, பலரும் சறுக்கும் இடம்: வகுப்பறைக்கு விலை வைப்பது. 500 சதுர அடி, 2,400 ரூபாய், ஆகவே "ஓர் அறை 12 லட்சம், உங்கள் பெயரில் கட்டலாம்" என்று அறிவித்துவிடுவார்கள். எட்டு அறைக்கும் ஆள் கிடைத்தாலும் வருவது 96 லட்சம். மீதி 74 லட்சத்துக்கு, அதாவது வராண்டா, படிக்கட்டு, கழிப்பறை, செப்டிக் டேங்க், பெஞ்ச் எல்லாவற்றுக்கும், உபயதாரர் யாரும் இல்லை. செப்டிக் டேங்கில் பெயர் போட யார் முன்வருவார்? அதனால் மொத்தச் செலவையும் அறைகளின் தலையில் பிரித்து ஏற்றுங்கள். 1.70 கோடியை எட்டால் வகுத்தால் 21.25 லட்சம். அறை ஒன்று 22 லட்சம், பாதி அறை 11 லட்சம் என்று வையுங்கள். சிறிய அளவில் தருபவர்களுக்குச் சதுர அடிக் கணக்கு நன்றாக எடுபடும். அதிலும் 2,400 என்று போடாமல் 1.70 கோடியை 5,600 ஆல் வகுத்து, 3,100 என்று முழுமையாக்கிப் போடுங்கள்.

ஊருக்கெல்லாம் சமமாகப் பங்கு போடும் யோசனையும் எழும். "ஆயிரம் முன்னாள் மாணவர்கள், ஆளுக்கு 17,000, முடிந்தது கதை." அப்படி ஒருபோதும் முடியாது. பெரும்பகுதி சில பத்துப் பேரிடமிருந்துதான் வரும். 1.70 கோடிக்கு ஒரு படிக்கட்டு வரிசை இப்படி அமையலாம்: 25 லட்சம் ஒருவர், 10 லட்சம் மூவர், 5 லட்சம் ஆறு பேர், 2 லட்சம் பதினைந்து பேர், 1 லட்சம் இருபத்தைந்து பேர், 50,000 நாற்பது பேர். இந்தத் தொண்ணூறு பேரிடமிருந்து 1.60 கோடி. மற்ற எல்லோரிடமிருந்தும் சேர்த்து 10 லட்சம். ஒருவர் கிடைக்க மூன்று பேரையாவது பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் 270 பெயர்கள் தேவை. குழு உட்கார்ந்து அந்த 270 பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் தொகையையும், அவரை நன்கு அறிந்தவர் யார் என்பதையும் எழுதட்டும். முதல் இரண்டு வரிசைக்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் இலக்கு பெரிது என்று பொருள். கட்டடத்தை இரண்டு கட்டமாகப் பிரித்துவிடுங்கள். அஸ்திவாரமும் தூண்களும் முழுக் கட்டடத்தைத் தாங்கும் கணக்கில் போட்டு, இப்போது தரைத்தளத்தின் நான்கு அறைகள் மட்டும். அரைகுறையாகக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு மாடியைவிட, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் ஒரு தளம் அடுத்த கட்டத்துக்கு எளிதாகப் பணம் கொண்டுவரும்.

வெளியே போகும் முன் அறங்காவலர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தொகையை எழுத வேண்டும். விதிவிலக்கு வேண்டாம். "நீங்க எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்கப்படுவது நிச்சயம்.

நன்கொடை நோட்டின் முதல் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வரியில் 5,001 என்று இருந்தால் அடுத்து 2,001, அதற்குக் கீழே 1,001, 1,001, 501 என்று பக்கம் முழுக்க இறங்கிக்கொண்டே போகும். பத்து லட்சம் தரக்கூடியவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு 10,001 எழுதி, தாராளமாகத் தந்த திருப்தியோடு பேனாவை மூடிவிடுவார். முதல் வரியை யார் எழுதுகிறார் என்பதை விதியிடம் விடாதீர்கள். பெரிய தொகைகள் எழுதப்படும்வரை நோட்டு ஊருக்குள் போகவே கூடாது. பூமி பூஜைப் பத்திரிகை அடிப்பதற்குள் இலக்கில் பாதி, அதாவது 85 லட்சம், கையிலோ எழுத்திலோ வந்திருக்க வேண்டும்.

கேட்கப் போகும்போது இரண்டு பேர் போங்கள்: அவருக்கு நெருக்கமானவர் ஒருவர், கணக்கு தெரிந்த அறங்காவலர் ஒருவர். முன்கூட்டியே, எதற்காக வருகிறோம் என்று சொல்லிவிட்டே போங்கள். தொகையைச் சொல்லிக் கேளுங்கள். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் என்றால் பேச்சு இப்படி இருக்கும்: "அண்ணாச்சி, ஒரு வகுப்பறைக்கு 22 லட்சம் ஆகுது. அதுல பாதி, 11 லட்சம் நீங்க ஏத்துக்கணும்னு கேட்டு வந்திருக்கோம். ரெண்டு வருசத்துல நாலு தவணையா குடுத்தாப் போதும்." அவ்வளவுதான். அதன்பிறகு நீங்கள் பேசக் கூடாது. அவர் யோசிக்கிற அந்த அரை நிமிட மௌனம் தாங்காமல் "இல்லன்னா ஒங்களால முடிஞ்சத..." என்று கூட வந்தவர் ஆரம்பித்தால் 11 லட்சம் அந்த இடத்திலேயே 11 ஆயிரமாகிவிடும். அவர் முடியாது என்றால் எவ்வளவு முடியும் என்பதை அவரே சொல்வார். வீட்டில் கலந்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் தேதி கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

சிறுதொகைக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா, உறவின்முறைச் சங்கம் வியாபாரிகளிடம் பிடித்த மகமையாலும் வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியாலும் நடந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். ஆனால் அந்த முறையின் பலம் அதன் பழக்கத்தில் இருந்தது: வியாபாரம் நடக்கும்போதெல்லாம் மகமை பிடிக்கப்பட்டது, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி ஒதுக்கப்பட்டது. ஒருமுறை உண்டியல் குலுக்குவதோடு அதை ஒப்பிட முடியாது. இன்று அதற்கு நேரானது யுபிஐ ஆட்டோபே. மாதம் 200, 500 ரூபாய் தானாகப் பிடிக்கும்படி முன்னாள் மாணவர்களைச் சேருங்கள். கட்டடத்துக்கு அது மெதுவாகத்தான் வரும், கட்டி முடித்த பின் பராமரிப்புக்கு அதுதான் சோறு போடும்.

வாக்குறுதிகளை எழுத்தில் வாங்குங்கள். பெயர், தொகை, தவணைகள், கையெழுத்து, ஒரு பக்கம் போதும். எழுதிக் கொடுத்ததெல்லாம் வராது. வியாபாரம் நொடிக்கும், ஆள் தவறிப்போவார், மனம் மாறும். உங்கள் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தே வையுங்கள். தவணைகளை நாள்காட்டியோடு கட்டாமல் கட்டட நிலைகளோடு கட்டினால் வசூல் எளிது: அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னல் மேல்மட்டம்), முதல் தளம் கான்கிரீட், இரண்டாம் தளம், பூச்சு. ஒவ்வொரு நிலை முடிந்ததும் தேதியிட்ட படத்தோடு நினைவூட்டல் போகட்டும்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மேல்தளம் கான்கிரீட் போட்டதும் பார்ப்பவர்களுக்குக் கட்டடம் முடிந்துவிட்டதாகத் தோன்றும், வசூல் படுத்துவிடும். உண்மையில் அப்போது செலவு பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். பூச்சு, ஜன்னல், கதவு, தரை, ஒயரிங், கழிப்பறைச் சாமான்கள், பெயிண்ட், பெஞ்ச் எல்லாம் பாக்கி. ஆண்டுக்கணக்கில் பூசாத செங்கல் சுவரோடு நிற்கும் பள்ளிகள் இப்படித்தான் உண்டாகின்றன. ஆகவே கடைசி வேலைகளுக்கான தொகையில் பாதியையாவது முன்பே வைப்புநிதியில் பூட்டிவிடுங்கள். பெஞ்ச், மின்விசிறி, கரும்பலகை, நூலக அலமாரி போன்றவற்றைச் சிறு உபயங்களாக அப்போதைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். பாதி வேலை கண்முன் நிற்கும்போது ஒரு பெஞ்சுக்கு 6,000 கேட்பது எளிது.

பொருளாகத் தருகிறேன் என்பவர்களிடம் நன்றியோடும் கவனத்தோடும் நடந்துகொள்ளுங்கள். 5,600 சதுர அடிக்கு, சதுர அடிக்கு 0.4 மூட்டை வீதம் சுமார் 2,240 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். கம்பி 20 டன்னுக்கு மேல். "500 மூட்டை என் கணக்கு" என்று ஒருவர் ஐப்பசியில் லாரியில் அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? பழைய வகுப்பறையில் சுவரை ஒட்டி, கூரை முட்ட அடுக்குவார்கள். அடிவரிசை தரை ஈரத்தை இழுக்கும், சுவர் ஓரம் சாரலை இழுக்கும். மார்கழியில் மூட்டையைப் பிரித்தால் விரலுக்கு நசுங்காத கட்டிகள். அந்த சிமெண்ட் பூச்சுக்குக்கூட ஆகாது, தளத்துக்குப் போட்டால் குழந்தைகள் தலைக்குமேல் போடுகிறோம் என்று அர்த்தம். மூன்று மாதம் தாண்டிய சிமெண்ட்டைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. அடுக்குவதானால் பலகைமேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மிகாமல். இதைவிட நல்ல வழி, அவர் தொகையை அறக்கட்டளைக்குத் தருவதும், நீங்கள் கடையில் வேண்டும்போது வேண்டிய அளவு எடுப்பதும்தான். பொருளாகத் தந்தால் வரிச்சலுகையும் கிடையாது.

வரிக்கு வருவோம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ரசீதுப் புத்தகம் அடிக்கும் முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள். இங்கே எல்லோர் வாயிலும் பழகிய எண்களையே சொல்கிறேன். 12ஏபி பதிவும் (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு) 80ஜி ஒப்புதலும் (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு) நடப்பில் இருக்கின்றனவா, எப்போது காலாவதி என்று முதலில் பாருங்கள். ரசீதில் அறக்கட்டளையின் பான், 80ஜி எண், தருபவரின் பெயர், முகவரி, பான், தந்த வகை, "கட்டட நிதிக்காக" என்ற நோக்கம் இத்தனையும் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி கிடைக்காது. ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கவே கூடாது. நிதியாண்டு முடிந்து மே 31க்குள் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். இதைவிட, சான்றிதழ் இல்லாமல் தருபவரின் கழிவு நிராகரிக்கப்பட்டால் அவர் அடுத்தமுறை கதவைத் திறக்க மாட்டார்.

ஆனால் வரிச்சலுகையைச் சொல்லி நன்கொடை கேட்காதீர்கள். 80ஜியில் தந்ததில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தில் பத்து சதவீத வரம்பு உண்டு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும். புதிய வரிமுறைக்குப் போய்விட்ட சம்பளக்காரருக்கு ஒரு பைசா பலன் இல்லை. அவரிடம் "வரி மிச்சம்" என்று சொல்லி வாங்கினால் பின்னால் மனக்கசப்புதான்.

கட்டட நிதி ஒரே ஆண்டில் செலவாகாது. அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே செலவிட வேண்டும் என்ற விதி இங்கே குறுக்கே வரும். அதனால் பெரிய தொகை தருபவரிடம் "இது மூலதன நிதிக்கு, கட்டடத்துக்காக" என்று எழுத்தில் வாங்குவதா, அல்லது ஆண்டு இறுதியில் சேமித்து வைப்பதற்கான படிவம் 10 தாக்கல் செய்வதா என்பதை முதல் ரசீதுக்கு முன்பே ஆடிட்டரோடு முடிவு செய்யுங்கள். விழா உண்டியலில் பெயரில்லாமல் விழும் பணம் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிகுதிக்கு 30 சதவீத வரி. உண்டியலுக்குப் பதில் மேஜை போட்டுப் பெயர் எழுதுங்கள். செலவிலும் கவனம் தேவை. ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது. காண்ட்ராக்டருக்குப் பணம் தரும்போது டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்க மறந்தால் அதில் 30 சதவீதம் அடிபடும்.

வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஆர்வமாக இருப்பார்கள். அவர் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் அவர் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். அமெரிக்க, சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர் தந்தால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடையே. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல், டெல்லி நாடாளுமன்ற வீதி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கான கணக்கு இல்லாமல் வாங்கக் கூடாது. "ஊரில் இருக்கும் தம்பி கணக்கில் போட்டுவிடுகிறேன், அவன் தரட்டும்" என்பது நல்லெண்ணத்தில் வருகிற யோசனை. அதை ஏற்றால் மாட்டுவது அறக்கட்டளை.

நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதிக்கு, சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவும் மூன்றாண்டுச் செயல்பாடும் வேண்டும். கட்டணம் வாங்கும் பள்ளியின் முழுக் கட்டடத்துக்கு அவர்கள் தருவது அரிது. கழிப்பறைத் தொகுதி, அறிவியல் ஆய்வகம், சோலார், குடிநீர் என்று தனியாகப் பிரித்து, தனி எஸ்டிமேட்டோடு கேட்டால் வாய்ப்பு அதிகம். மார்ச்சில் ஓடாதீர்கள், அப்போது அவர்கள் பட்டியல் முடிந்திருக்கும்.

செய்யக் கூடாதவை சில. சேர்க்கையோடு நன்கொடையைக் கலக்கவே கூடாது. தமிழ்நாட்டில் 1992இலேயே கட்டாய நன்கொடைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டப்படி வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்குவரை அபராதம் உண்டு. "பில்டிங் ஃபண்ட்" என்று எல்லாப் பெற்றோரிடமும் ஒரே தொகை பிடிப்பதும் இதில்தான் விழும். ஏப்ரல் முதல் ஜூன்வரை புதிய பெற்றோரிடம் கேட்பதையே தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் கூப்பன் புத்தகம் கொடுத்து விற்கச் சொல்லாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை வீடுவீடாகப் போய் நிற்பது பள்ளிக்கு அழகல்ல, பாதுகாப்பும் இல்லை. குலுக்கல் பரிசுச் சீட்டும் வேண்டாம், 2003 முதல் இங்கே லாட்டரிக்குத் தடை இருக்கிறது.

காலமும் பார்த்துக் கேளுங்கள். நெல் விளையும் ஊரில் தை, மாசி. ஆலைகள் உள்ள ஊரில் தீபாவளி போனஸ் கழிந்த கையோடு. ஆடியில் யாரும் புதிதாக எதையும் ஏற்க மாட்டார்கள். தையில் வேலை தொடங்கினால் அஸ்திவாரம் கோடையில் முடியும், வடகிழக்குப் பருவமழைக்குள் மேல்தளமும் போட்டுவிடலாம். திறப்பு அடுத்த ஜூன் என்று சொல்லுங்கள். ஆறே மாதத்தில் முடிப்போம் என்று சொல்லித் தவறினால் பாக்கித் தவணைகள் நின்றுவிடும்.

கல்வெட்டு விஷயத்தை முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள்: எவ்வளவுக்கு மேல் பெயர், எந்த வரிசையில், பட்டம் போடுவதா, தவணை பாக்கி இருந்தால் என்ன செய்வது. தொகை வரிசையோ அகர வரிசையோ, ஒன்றை முடிவு செய்து மாற்றாமல் இருங்கள். செதுக்கும் முன் ஒவ்வொருவர் பெயரையும் அவரிடமே எழுதி வாங்கிச் சரிபாருங்கள். ஒரு "ழ" தவறினால் கல்லை மாற்ற வேண்டியிருக்கும்.

கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. மாதம் ஒருமுறை வரவு, செலவு, இருப்பு என்ற மூன்று எண்ணையும் அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்; வசூல் குறைந்த மாதத்திலும் விடாதீர்கள். முடிந்தபின் கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரின் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கையும் வாங்குங்கள். அவற்றின் நகலையும் தணிக்கை செய்த இறுதிக் கணக்கையும் 500 ரூபாய் தந்தவர் உட்பட எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அதன்பிறகு திறப்பு விழாவுக்கு நாள் குறியுங்கள்.